பிள்ளை பெறாமல் சுரந்த பால்

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் சாயங்காலப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்தான் முதலில் பார்த்தாள். அவள் மடியில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் மார்பைப் பார்த்துவிட்டுக் குனிந்து, "உன் கொழந்தைக்கு எத்தினி மாசம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். இடது பக்கம் ஜாக்கெட் நனைந்து, சேலையிலும் வட்டமாக ஈரம் ஏறியிருந்தது.

"எனக்குக் கொழந்த இல்லீங்க" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. குழந்தை பிறந்து தவறிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள் போல. தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மேல் போட்டாள். மலையடிவாரம் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் நினைக்கும்போது, விவரம் எதுவும் தெரியாத அந்தப் பெண்கூட என்னைச் சந்தேகப்படவில்லையே என்று தோன்றுகிறது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. கணவர் கள்ளக்குறிச்சியில் டிராக்டர் விற்கிற கடையில் இருந்தார். ஐந்து மாதமாக எனக்கு மாதவிலக்கு இல்லை. இரண்டு தடவை ஆசையோடு வீட்டிலேயே சோதித்துப் பார்த்து, ஒற்றைக் கோடு மட்டும் வந்ததைக் குப்பையில் போட்டிருந்தேன். அடிக்கடி தலைவலி. மலைப்பாதையில் தினமும் ஏறி இறங்குகிற அலுப்பு என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் களமருதூருக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அம்மா போனபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினான்கு. எனக்குத் தலை பின்னியதும், முதல் தடவை விலக்கானபோது துணி மடித்துக் கொடுத்ததும் அவள்தான். வேறு யாரிடம் போவேன்?

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காட்டினேன். அக்கா விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தாள்.

"பால்தாண்டி இது."

"எப்பிடிக்கா வரும்?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பீச்சி வுட்டுக்கினு இரு, கட்டிக்கப் போவுது. நல்ல டாக்டரா பாக்கலாம்" என்றாள்.

"அவருகிட்ட நானே சொல்றேங்க்கா. நீ யாருகிட்டயும் சொல்லாத."

"நான் ஏண்டி சொல்லப் போறேன்?"

ஆனால் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. பழைய துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தேன். பத்து நாள் கழித்து அவரே, "நாளைக்கு லீவு போடு, டாக்டரம்மாவப் பாத்துட்டு வரலாம்" என்றார். நான் சொல்லாமலே தெரிந்துகொண்டிருக்கிறாரே என்று அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! ஆஸ்பத்திரியில் என் பையை அவரே சுமந்தார். பக்கத்தில் உட்கார்ந்து காலாட்டாமல் காத்திருந்தார். எப்போதும் ஆட்டுகிற மனுஷர்.

கள்ளக்குறிச்சி டாக்டரம்மா கேட்டார். "எத்தனை பிரசவம்?"

"ஒண்ணும் இல்லைங்க."

"கலைஞ்சது ஏதாவது?"

"இல்லைங்க."

"கல்யாணத்துக்கு முன்னாடி?"

"இல்லைங்க."

ஒவ்வொரு பதிலுக்கும் என் கணவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

தைராய்டு சரியாக இருந்தது. பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் மட்டும் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. சேலத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே தலையை ஸ்கேன் செய்தபோது மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில் உளுந்து அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோய் இல்லை.

சேலத்து டாக்டர் என் வயதுதான் இருப்பார். எங்கள் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்து, ஒரு தாளில் படம் போட்டுப் பொறுமையாகச் சொன்னார். இந்தச் சுரப்பிக்கு மேலேயிருந்து மூளை ஓயாமல் சேதி அனுப்புகிறதாம். மற்ற ஹார்மோன்கள் பெரும்பாலானவற்றுக்குச் 'சுர' என்கிற சேதி. பால் ஹார்மோனுக்கு மட்டும் 'வேண்டாம், வேண்டாம்' என்கிற சேதி. ஆண், பெண், கிழவர் எல்லோர் தலையிலும் அந்த 'வேண்டாம்' ஓடிக்கொண்டே இருப்பதால்தான் யாருக்கும் பால் வருவதில்லை. பிள்ளை பெற்றவளுக்கு, குழந்தை வாய் வைக்கும்போது அது தளர்கிறது. என் கட்டி அந்தச் சொல்லைக் கேட்காமல் தன் பாட்டுக்குச் சுரந்துகொண்டிருந்தது.

"கைக்குழந்தைக்காரிங்களுக்கு மாசவிலக்கு தள்ளிப் போகுது இல்லையா? அதே காரணம்தான் இவங்களுக்கும்" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார். "பிள்ளை பெறாமலே இது வரலாம் சார். ஆம்பளைங்களுக்குக்கூட இந்தக் கட்டி வரும்." பிறகு என்னிடம், "பீச்சி விடாதீங்க. பீச்சினா பிள்ளை குடிக்குதுன்னு நினைச்சு இன்னும் சுரக்கும்" என்றார்.

வாரத்துக்கு இரண்டு நாள் அரை மாத்திரை. அந்த 'வேண்டாம்' என்ற சொல்லை மாத்திரை சொல்லுமாம். ஆபரேஷன் வேண்டியதில்லை. வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்தது. அவர் டீ வாங்கிக் கொடுத்து, "அதான் ஒண்ணுமில்லன்னு சொல்ட்டாங்களே, வுடு" என்றார்.

மூன்றாம் நாள் கம்பெனி மீட்டிங் என்று திருச்சிக்குப் போனார். மறுநாள் மதியம், பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்த நேரம், எனக்கு ஒரு போன். திருச்சியில் டீச்சர் பயிற்சி படித்தபோது நான் தங்கியிருந்த ஹாஸ்டலின் சமையல்கார அம்மா. கல்யாணத்துக்கு வந்து போனதற்கப்புறம் அவர்கள் பேசியதே இல்லை.

"கண்ணு, உன் வீட்டுக்காரரு நேத்து இங்க வந்திருந்தாரு. உனக்குத் தெரியுமா?"

"எதுக்கு வந்தாரு?"

"பழைய ரிஜிஸ்டரைக் காட்டுங்கன்னு வார்டன்கிட்ட கேட்டாரு. ரெண்டாவது வருஷம் ஏழு மாசம் நீ ஊருக்கே போகலையாம். அப்ப எங்க இருந்த, வயிறு தெரிஞ்சுதான்னு என்கிட்டயே கேக்கறாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு... மூணு வேளையும் என் கையால சாப்ட்ட புள்ளை, போய்யா வெளியேன்னு சொல்லிட்டேன்."

அந்த ஏழு மாசத்தைப் பற்றி நான் கணவரிடம் சொன்னதே இல்லை. படிப்பை நிறுத்திவிட்டு ஒருவனைக் கட்டிக்கொள் என்று அப்பா சொன்னதும், சண்டை போட்டுக்கொண்டு விடுமுறைக்குக்கூட ஊருக்குப் போகாமல் இருந்தேன். அப்பாவும் இறந்துவிட்டார். அது தெரிந்த ஒரே ஆள் அக்கா. கணவர் தானாகவே தெரிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார் என்று நான் நினைத்தது எவ்வளவு முட்டாள்தனம் என்று பள்ளிக்கூட வராந்தாவில் நின்றபோதுதான் புரிந்தது.

சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். "ஹாஸ்டலுக்குப் போயிருந்தீங்களா?"

மறுக்கவில்லை. "ஒரு தெளிவுக்குத்தான் போனேன்."

"டாக்டரு படம் போட்டு சொன்னது தெளிவா இல்லியா?"

"அவங்க வியாதிய சொன்னாங்க. பழசு அவங்களுக்கு இன்னா தெரியும்? உங்க அக்காவே போன் பண்ணி சொல்றாங்க, அவங்களே பயந்துக்கினு பேசறாங்க. என் எடத்துல நீ இருந்தா இன்னா நெனச்சிருப்ப?"

"உங்களக் கேட்டிருப்பேன்."

அவர் முகம் கழுவப் போனார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் களமருதூர் போனேன். அக்கா வாசலில் நெல் கிளறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"நான் உனக்கு நல்லதுதாண்டி செஞ்சேன். நாளைக்கு அவராவே கண்டுபுடிச்சா, மறைச்சி கட்டி வெச்சிட்டீங்கன்னு நம்மளயில்ல கேப்பாரு?"

"மறைக்கறதுக்கு இன்னாக்கா இருந்துது?"

கையில் இருந்த நெல்லை உதறினாள்.

"என்னப் பாத்து சொல்லு. நீயும் அப்பிடித்தான் நெனச்சியா?"

"நீ அங்க இருந்த. நான் இங்க இருந்தேன். எனக்கு இன்னாடி தெரியும்?"

அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கு அந்த அறையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாளே, அப்போது அவள் மனசுக்குள் அந்த ஏழு மாதங்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். சோறு போடுகிறேன் என்றாள். வேண்டாம் என்று உளுந்தூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன். ஜங்ஷனில் இறங்கி, லாரிகள் போகிற இரைச்சலில், யாருக்கும் கேட்காது என்று வாய்விட்டு அழுதேன்.

வெள்ளிமலையில் ஒரு அறை வாடகைக்குப் பிடித்து நான்கு மாதம் தனியாக இருந்தேன். மாத்திரை முதலில் குமட்டியது, எழுந்தால் தலை சுற்றியது. ஒரு மாதத்துக்குள் ஈரம் குறைந்து நின்றது. மூன்றாம் மாதம் விலக்கானேன். அடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. என் உடம்பைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அந்த ரிப்போர்ட்டுகளைப் பெட்டியில் பூட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பைக்கில் மேலே வருவார். முதல் சில வாரம் கதவைத் திறக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். ஒரு தடவை மழையில் நனைந்து வந்து நின்றார். "தப்புதான். நான் கேட்டிருக்கணும். பயமா இருந்துது, அதுக்குன்னு அங்க போயிருக்கக் கூடாது" என்றார். அழகாகச் சொல்லத் தெரியாத ஆள். அவர் அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பது தெரிந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் இறங்கிப் போனேன்.

இப்போதும் சேர்ந்துதான் இருக்கிறோம். சண்டை இல்லை. சேலத்துக்கு நான் தனியாகத்தான் போய் வருகிறேன். கூட வருகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். வேண்டாம் என்பேன், வற்புறுத்த மாட்டார். அப்போது அவரை எனக்குத் தெரிந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தெரியாதவர் தெரியாதவராக நடந்துகொண்டார் என்று மனசு ஒருவிதமாகச் சமாதானம் ஆகிவிட்டது.

அக்கா விஷயம் அப்படி இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் முறுக்கும் கொண்டு வருவாள், நானும் புடவை எடுத்துக் கொடுப்பேன். பேசுவோம், அவள் பிள்ளைகள் படிப்பு, மழை, யார் யாருக்குக் கல்யாணம் என்று. போன முறை வந்தபோது என் தலையில் நரை ஓடுவதைப் பார்த்து, எண்ணெய் தேய்க்கிறேன் உட்கார் என்றாள். வேலை இருக்கிறது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.