யுகாதியன்று சொல்லாதது

ஒத்தக்கடையில் எங்கள் தெருவுக்கு மூன்று வருஷப் பிறப்பு. பங்குனியில் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்களுக்கு யுகாதி வரும். சித்திரை ஒன்று எங்களுக்கு. மாடியில் குடியிருக்கும் மலையாள நர்சம்மாவின் விஷு சில வருஷம் எங்களோடு சேர்ந்து வரும், சில வருஷம் ஒருநாள் தள்ளி வரும். ஆக, அந்த நாட்களில் யார் வீட்டிலாவது பாயசம் கொதித்துக்கொண்டிருக்கும். டாக்டர் என்ன சொன்னாலும் நான் ஒரு வீட்டையும் விட்டதில்லை.

எதிர்வீட்டுக்காரி நான் வேலை பார்த்த அதே தனியார் பள்ளியில் டீச்சர். என்னைவிட ஆறு வயது இளையவள். அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். பதினோரு வருஷம் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்துதான் திட்டம் போட்டோம்: இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு வரும் ஜூனில் சொந்தமாக ஒரு மழலையர் பள்ளி தொடங்குவது என்று. பிள்ளைகளும் பாடமும் என் பொறுப்பு. அனுமதி வாங்குவது, ஆபீஸ்களுக்கு அலைவது, பெற்றோர்களிடம் பேசுவது எல்லாம் அவள் பொறுப்பு. எனக்கு அதெல்லாம் சுட்டுப்போட்டாலும் வராது. அவள் இல்லையென்றால் அந்தப் பள்ளி இல்லை, அது இரண்டு பேருக்குமே தெரியும்.

போன யுகாதியன்று காலையிலேயே கூப்பிட்டுவிட்டாள். வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் புளியும் உப்பும் மிளகாயும் கலந்த பச்சடியை என் உள்ளங்கையில் வைத்தாள். அவர்கள் வீட்டில் அதைத் தின்ற பிறகுதான் மற்றதெல்லாம். தின்றுவிட்டு, எழுதி வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தைப் போனில் காட்டினேன். ஒரு வரி விடாமல் படித்தாள்.

"நல்லா எழுதிருக்கீங்கக்கா."

"அப்ப அனுப்பிரவா?"

"இன்னைக்கு வேணாம்க்கா, நல்ல நாளு. நாளைக்கு அனுப்புங்க."

என் மேல் எம்புட்டு அக்கறை இவளுக்கு என்று நினைத்தேன், மடச்சி! மறுநாள் அனுப்பினேன். நிர்வாகம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு, "நீ எப்ப அனுப்புற?" என்று கேட்கும்போதெல்லாம், "பரீட்சை முடியட்டும்க்கா" என்பாள். பிள்ளைகளைப் பாதியில் விட மனசில்லாமல் சொல்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் வருஷப் பிறப்புக்கு ஒரு சட்டம் உண்டு. அன்று அழக்கூடாது, யாரையும் வையக்கூடாது. முதல் நாள் எப்படியோ வருஷம் முழுக்க அப்படித்தான் என்பார்கள். ஒரு சித்திரை ஒன்றாம் தேதி என் வீட்டுக்காரர் பாயசப் பாத்திரத்தை அப்படியே கவிழ்த்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு "பரவால்லங்க" என்றேன். மறுநாள் விடிந்ததும் அவருக்குச் சேர்த்து வைத்துக் கொடுத்தேன். பஸ்ஸில் இதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

போன சித்திரை ஒன்றுக்கு வடைக்கு ஆட்டிக்கொண்டிருந்தபோது பட்டுச்சேலை கட்டி வந்து நின்றாள். சாப்பிடத்தான் வந்திருக்கிறாள் என்று கிரைண்டரை நிறுத்தினேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். என்னைய வைஸ் பிரின்சிபாலாப் போட்டுட்டாங்க. நம்ம ஸ்கூலுக்கு நான் வரலக்கா."

"எப்பச் சொன்னாங்க?" என்றேன்.

"யுகாதிக்கு நாலு நாள் முன்னாடி."

அடிப்பாவி! அப்படியென்றால் அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதே இவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே என் கையில் பச்சடி வைத்திருக்கிறாள். தெரிந்துகொண்டே நாளைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாள். என் இடத்துக்கு அதற்குள் வேறு டீச்சர் போட்டாகிவிட்டது.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் வேலைய விட்டுருக்க மாட்டேனேடி?"

"நல்ல நாளும் அதுவுமா எப்பிடிக்கா சொல்றது? எங்க வீட்டுல உக்காந்து நீங்க அழுதுருப்பீங்க."

"அப்ப இன்னைக்கு எனக்கு என்ன நாளு?"

அவள் வளையலை மேலும் கீழும் தள்ளினாள். பிறகு, சின்னப்பிள்ளை உண்மையை ஒத்துக்கொள்கிற மாதிரிச் சொன்னாள்.

"இன்னைக்குன்னா நீங்க வைய மாட்டீங்கள்லக்கா. அதான் வந்தேன்."

உள்ளே என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தது கேட்டது. நான் வையவில்லை. அழவும் இல்லை. இலை போட்டேன். அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள்.