கைமடி அக்கா

திருப்பூருக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காத ஒரு சொல் பனியன் கம்பெனி வாசல்களில் எல்லாம் தொங்கியது. ‘டெய்லர், கைமடி தேவை.’ டெய்லர் தெரியும். அதென்ன கைமடி? மண்ணரையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டேன். “தைக்கிறவருக்குக் கையில துணிய மடிச்சு மடிச்சுக் குடுக்கற ஆளுங்க. வேலையோட பேரே ஆளோட பேராயிருச்சு” என்றாள். டெய்லருக்கு எதிர்ப் பக்கம் நின்று துணியை மடித்துக் கொடுக்க வேண்டும். தைத்து வருவதை வாங்கி, நூலை வெட்டி, அடுக்க வேண்டும். தையல் தெரியாமல் கம்பெனிக்குள் நுழைகிறவர்களுக்கு அதுதான் முதல் பெயர்.

எங்கள் தெற்கத்திப் பக்கம் புதிதாகத் தொழில் பழகுகிறவரைக் கத்துக்குட்டி என்போம். கற்றுக்கொள்ளும் குட்டி, துள்ளும், முட்டிக்கொள்ளும் என்று ஒரு கேலி அதில் ஒட்டியிருக்கும். வேலைக்குப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் அந்தச் சொல்லைத்தான் எடுத்தார். “ரெண்டு பிள்ளை பெத்தவ, முப்பது வயசுல கத்துக்குட்டியாப் போறியாக்கும்?” எனக்குச் சுள்ளென்று ஏறியது. “கத்துக்குட்டி இல்ல, கைமடி” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. எனக்கு என்ன தெரியாது என்று அது சொல்லவில்லை. என் கை என்ன செய்கிறது என்று சொன்னது.

பிடித்ததெல்லாம் கொஞ்ச காலம்தான். டெய்லர் வந்தால்தான் கைமடிக்கு வேலை; வராவிட்டால் வந்த வழியே நடை. என் டெய்லர் என்னைவிட இளையவர், தங்கமான பிள்ளை. ஆனால் சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் திங்கட்கிழமை அவருக்குத் தலைவலி. அவருக்குத் தலைவலி என்றால் என் வீட்டில் அரைவயிறு. இன்னொருவர் தலையை நம்பி என் பிள்ளைகள் சாப்பிடுவதா? மிஷினில் நான் உட்கார்ந்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

டீ டைமில் அவர் வெளியே போனதும் வேஸ்ட் துண்டுகளை வைத்து ஓட்டிப் பழகினேன். பார்த்துவிட்டார். “ஏனுங்க அக்கா, நீங்க தொட்டா நூல் டென்ஷன் மாறிப் போகுமுங்க.” இந்த ஊரில் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள். நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் திருகை நான் தொடவே இல்லை. விஷயம் வேறு. நான் நல்ல கைமடி. என்னால் அவருக்கு பீஸ் கூடுதலாக ஓடியது. நன்றாகச் செய்யச் செய்ய என்னை விடமாட்டார். அட, இது என்ன நியாயம்? மறுநாளும் உட்கார்ந்தேன். திட்டினார். அதற்கு மறுநாளும் உட்கார்ந்தேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஒருநாள் திட்டுவதை அவரே விட்டுவிட்டார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, வழக்கம்போல அவர் வரவில்லை. நான் வீட்டுக்குத் திரும்பாமல் பல்லடம் ரோட்டில் வேறொரு கம்பெனிக்குப் போனேன். “டெய்லருங்களா, கைமடிங்களா?” என்றார் சூப்பர்வைசர். “டெய்லர்” என்றேன். நாக்கு கூசவில்லை. ஒரு மிஷினில் உட்காரவைத்து, முன்துண்டையும் பின்துண்டையும் சேர்த்துத் தோள் தைக்கச் சொன்னார். கோடு போட்டது மாதிரி தைத்தேன். தைத்து முடித்ததும் நான் செய்த காரியத்தை என்னவென்று சொல்ல! எழுந்து, மிஷினைச் சுற்றி எதிர்ப் பக்கம் போய், துணியை வாங்கி, நூலை வெட்டி, பதவிசாக மடித்துக்கொண்டு நின்றேன். பழகிய கால் தானாகப் போய்விட்டது.

அந்த லைனே சிரித்தது. “அந்தப் பக்கம் உங்களுக்கென்ன வேலைங்க்கா?” என்ற சூப்பர்வைசருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு முகம் எரிந்தது. ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. “ஆமாய்யா, கைமடிதான். தையலப் பாருங்க, அப்புறம் சிரிங்க” என்று துணியை நீட்டினேன். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். இன்னும் பலமாக இழுத்தார். தையல் அசையவில்லை. “நாளைக்கு வந்துருங்க” என்றார்.

மறுநாள் எனக்கு எதிரே ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வேலைக்கு அன்றுதான் முதல் நாளாம். துணியை உள்பக்கம் வெளிப்பக்கம் தெரியாமல் மடித்து நீட்டினாள். “டெய்லரக்கா, தப்பா?” என்று கேட்டாள்.

“தப்புதான். திருப்பி மடி” என்றேன். “டீ டைம்ல வெளியே போயிராத. இந்தப் பக்கம் வந்து உக்காரு.”