சம்பந்திப் பெட்டி

வீட்டில் என் வாயை அடக்க முடியாத என் வீட்டுக்காரர், மேடையில் ஒற்றை விரலால் அடக்கிவிடுவார். எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் நான் பாடுகிறேன். அவர் சவுண்டு மிக்சர் முன்னால் உட்கார்ந்து, யார் சத்தம் எவ்வளவு வெளியே போக வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறார். காலையில் சட்னியில் உப்பு இல்லை என்று எங்களுக்குள் ஏதாவது முட்டிக்கொண்டிருந்தால், அன்றைக்கு என் மைக்கில் எக்கோ கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஏன் என்று கேட்டால் வோல்டேஜ் என்பார். அருப்புக்கோட்டையைச் சுற்றி எந்தப் பழியையும் வோல்டேஜ் மேல் போடலாம். அது வந்து மறுத்துப் பேசப் போவதில்லை.

வோல்டேஜும் அப்படியொன்றும் யோக்கியமில்லை. திரீ பேஸ் கரண்ட் வந்ததும் காட்டில் இருக்கிற மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பிக்கும். எங்கள் கீபோர்டு ஒரு தடவை அணைந்து எரியும். எரியும்போது அதற்கு முன்னால் வைத்த சுதி மறந்துபோயிருக்கும். நான் பல்லவியைப் பாடி முடித்து மூச்சு வாங்குவதற்குள் கீபோர்டுக்காரர் அடுத்த வரியை வேறொரு சுதியில் ஆரம்பித்திருப்பார். இரண்டுக்கும் நடுவில் நான் கம்பியில் மாட்டிய பட்டம் போல் தொங்கிக்கொண்டிருப்பேன். நரிக்குடிப் பக்கம் ஒரு சடங்கு வீட்டில் இப்படி ஆனபோது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கைதட்டி, அந்த இடம் ரொம்ப நல்லா இருக்கு, இன்னொரு வாட்டி பாடு என்றார். எங்களுக்கு அது மறுபடி வரவில்லை.

டவுனுக்குள் வந்தால் கதை வேறு. மண்டபத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடும். எங்கள் பேடு வாசிக்கிறவர் நல்ல தாளக்காரர்தான். ஆனால் பாட்டு பாதி போவதற்குள் அவர் கை தறியோடு சேர்ந்துவிடும். மெதுவாகப் போக வேண்டிய தாலாட்டை நாங்கள் எல்லாரும் மூச்சிரைக்க ஓடி முடித்திருக்கிறோம். இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை மைக் விசில். ஸ்பீக்கர் பாக்ஸ் பேசுவதை மைக் கேட்டு மறுபடி பாக்ஸுக்கே சொல்லும், பாக்ஸ் அதைத் திருப்பி மைக்குக்குச் சொல்லும், இரண்டும் விட்டுக்கொடுக்காமல் மாறி மாறிப் பேசிக் கடைசியில் கீச்சென்று கத்தும். எங்கள் வீட்டுச் சண்டையும் அச்சு அசலாக இப்படித்தான் நடக்கும்.

இதையெல்லாம் கூடச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது சம்பந்தி. எந்தக் கல்யாணத்திலும் யாராவது ஒரு சம்பந்தியோ சித்தப்பாவோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மிக்சர் பக்கம் வருவார். பாஸைக் கூட்டு, அடி பத்தல என்பார். கூட்டினால் அடுத்த பக்கத்துச் சம்பந்தி வந்து, காது கிழியுது, குறை என்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு இவர்களைத்தான் வேடிக்கை பார்க்க வேண்டும். ஒருவர், தம்பி தள்ளு, நானே பாத்துக்கிறேன் என்று திருகில் கையே வைத்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், இடி விழுந்து கெட்டுப்போன ஒரு பழைய மிக்சரைப் பரணிலிருந்து இறக்கினார். உள்ளே இருந்ததை எல்லாம் பிடுங்கி எறிந்தார். இரண்டு பென்சில் பேட்டரியை வைத்து, ஒரு பச்சை லைட் மட்டும் எரிகிற மாதிரி செய்தார். அதற்கும் எங்கள் செட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. யார் குறை சொல்லி வந்தாலும் அதைக் கையில் கொடுத்து, நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்போம். திருகைத் திருப்பிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். ஆங், இப்பத்தான் சரி என்பார்கள். நாங்கள் அதற்குச் சம்பந்திப் பெட்டி என்று பேர் வைத்தோம். கச்சேரி முடிந்து போகும்போது, சத்தம் இன்னைக்கு எங்கைலதான் இருந்துச்சு என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வரும்.

அந்தப் பெட்டி ஒருநாள் என்னைச் சிரிக்கவிடாமல் செய்தது. திருச்சுழிக்கு அந்தப்பக்கம், கண்மாய்க் கரையில் இருக்கும் ஒரு குலசாமி கோயிலில் காதுகுத்து. பகல் கச்சேரி, மதியம் கிடாய்ச் சாப்பாடு. நாங்கள் வேனிலிருந்து பாக்ஸை இறக்கிக்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் அம்மா என்னைத் தேடி வந்தாள். கையில் மஞ்சளும் கண்ணில் தண்ணியுமாக நின்றாள்.

“அக்கா, எங்கண்ணன் சீரு வரும்போது மட்டும் மைக்கு நிக்காமப் பாத்துக்கங்க. வேற என்ன ஆனாலும் பரவால்ல.”

விஷயம் இதுதான். சில வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அண்ணன் சீர் கொண்டுவந்திருக்கிறார். புருஷன் வீட்டுப் பங்காளிகள் கொண்டுவந்ததை எல்லாம் மைக்கில் ஊர் பேரோடு சொன்னார்கள். இவர் தட்டோடு வாசலில் நிற்க, இவர் பேரைச் சொல்ல வாயெடுத்த நேரம் மைக் செத்துப்போனது. வேணும்னே அமத்திட்டீக என்று சொல்லிவிட்டு, கை நனைக்காமல் போனவர்தான். அதற்குப்பிறகு இவள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. பிள்ளைக்குக் காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் மடி வேண்டும். இவள் நேரில் போய் அழுது கூப்பிட்டிருக்கிறாள். வாரேன், ஆனா மறுபடி அதே மாதிரி ஆச்சுன்னா இனிமே என்னைய மறந்துரு என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு மைக் செத்ததற்காக ஒருத்திக்குப் பிறந்த வீடே இல்லாமல் போகுமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் பயம் வந்தது. செத்துப்போகிற மைக்கோடு தினமும் குடித்தனம் நடத்துகிறவள் நான். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் ஒவ்வொரு ஒயரையும் உருவிப் பார்த்து, இளக்கமாக இருந்த இடத்தில் டேப் சுற்றினார். பேட்டரியில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் புது பேட்டரி போட்டார். அந்த வேகத்தில் சம்பந்திப் பெட்டிக்கும் போட்டுவிட்டார்.

ஆனி மாசத்துக் காற்று. மைக்கில் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினால்தான் பேச்சு கேட்கும். பாக்ஸைக் கோயில் பக்கம் திருப்பினால் சத்தம் சுவரில் முட்டித் திரும்பி வந்து விசிலடித்தது. அதனால் எல்லாப் பாக்ஸையும் எதிர்ப்பக்கம், சமையல் பந்தலைப் பார்த்து வைத்தோம். அந்தப் பக்கம்தான் பங்காளிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கோயில் சுவர் ஓரம் வேப்பமர நிழலைத் தாய்மாமன் வீட்டு ஆட்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

மேளத்தோடு சீர் வந்தது. தட்டு தட்டாகப் பழமும் துணியும், மாலை போட்ட கிடாயும். நான் பாட்டை நிறுத்தி, அவர் ஊரையும் பேரையும், பிள்ளைக்குத் தாய்மாமன் என்பதையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். மைக் நிற்கவில்லை. பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்பாடா என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். அதற்குள் தாய்மாமன் மேடைக்கு முன்னால் வந்து நின்றார். நல்ல உயரம், முகம் இறுகிப்போயிருந்தது.

தன் ஆட்களுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்றார். பாக்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, நாங்கள் வந்தது எங்களுக்கே தெரியக் கூடாதா என்று கேட்டார். நான் சுவர், விசில் என்று விளக்கினேன். ஊரில் சாக்குக்கா பஞ்சம் என்றார். பிள்ளையின் அப்பா ஓடிவந்து, எல்லாருக்கும் ஒரே மைக்குதான மச்சான் என்று சமாதானம் சொல்லப் போய் எரிகிறதில் எண்ணெயை ஊற்றினார். எல்லாரும் நாங்களும் ஒண்ணா என்று மச்சான் கிளம்பத் திரும்பிவிட்டார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அங்கேயேதான் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன்.

நான் சம்பந்திப் பெட்டியைத் தூக்கினேன். வேண்டாம், இவரிடம் வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார். நான் என்றைக்கு அவர் பேச்சைக் கேட்டேன்.

“அண்ணே, ஒங்க பக்கத்துச் சத்தம் பூராம் இதுலதான் இருக்கு. நீங்களே வச்சுக்கங்க,” என்றேன்.

தாய்மாமன் மேடைக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். திருகைத் திருப்பினார். என் வீட்டுக்காரர் ஒரு பாக்ஸை வேப்பமரத்துப் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டு, அவர் கையையே பார்த்துக்கொண்டு நிஜ மிக்சரில் மெதுவாகக் கூட்டினார். அவர் இன்னும் திருப்பினார், இவர் இன்னும் கூட்டினார். விசில் எட்டிப் பார்த்தது. இவர் குறைத்துவிட்டார், அவர் அதற்கு அப்புறம்தான் குறைத்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். மரத்தடியிலிருந்து ஒருவர், இப்பக் கேக்குதுப்பா என்று கை காட்டினார். தாய்மாமன் முகம் கொஞ்சம் இளகியது. எங்கே, இன்னொரு தடவை சொல்லு என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் ஊரைச் சொன்னேன். பேரைச் சொல்ல வாயெடுத்தேன், மைக் செத்தது.

மைக் மட்டுமில்லை, கீபோர்டு, பாக்ஸ், மிக்சர் எல்லாமே போய்விட்டது. தேங்காய் அரைக்க வேண்டுமென்று சமையல் பந்தலில் யாரோ கிரைண்டரை எங்கள் லைனில் மாட்டி, கம்பத்தில் பீஸ் போயிருந்தது. அது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். அந்த நேரத்தில் காற்றுச் சத்தமும் கிடாய் கத்துவதும் மட்டும் கேட்டன. பிறகு மரத்தடியில் ஒருவர் எழுந்து நின்றார்.

“பாத்தியாப்பா. மறுபடியும் அமத்திட்டாங்க.”

இன்னும் சில பேர் எழுந்தார்கள். நான் தாய்மாமனைப் பார்த்தேன். அவர் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் செட்டில் ஒரு லைட்கூட எரியாதபோது, அவர் மடியில் மட்டும், புது பேட்டரியின் புண்ணியத்தில், மேடைப் பந்தல் நிழலில் பளிச்சென்று பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது.

அவர் பெட்டியின் பின்பக்கம் விரலை விட்டுத் தடவினார். ஒயர் இருக்க வேண்டிய இடம். தடவிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இன்றைக்கு இந்த ஆள் போகிறது மட்டுமில்லாமல் என்னையும் நாலு பேர் முன்னால் கிழித்துத் தொங்கவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண் என்னைத் தாண்டித் தங்கச்சி மேல் போனது. அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பெட்டியின் மேல் போட்டு, லைட் தெரியாதபடி நாலு பக்கமும் இழுத்துவிட்டார். அப்புறம் மரத்தடியைப் பார்த்து, மைக்கே தேவையில்லாத ஒரு குரலில் சொன்னார்.

“ஏலே, உக்காருங்க எல்லாரும். அமத்துனது நான்தான். பெட்டி எங்கைலதான இருக்கு, கொஞ்சம் கூடுதலாத் திருப்பிட்டேன்.”

எழுந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“இந்தா, பிள்ளையக் கொண்டா,” என்று தங்கச்சியைக் கூப்பிட்டார்.

பெட்டியைத் துண்டோடு நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுப் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். நான் மேடையிலிருந்து இறங்கி, மரத்தடிக்குப் பக்கத்தில் போய், விட்ட இடத்திலிருந்து அவர் பேரையும் உறவையும் வெறும் தொண்டையில் கத்திச் சொன்னேன். எக்கோ இல்லாமல் என் குரலை அத்தனை பேர் கேட்டது அன்றைக்குத்தான். ஆசாரி காதில் ஊசியை வைத்ததும் பிள்ளை வீறிட்டது. அது இரண்டு பக்கத்துக்கும் நன்றாகவே கேட்டது.

பீஸ் போட்டுக் கரண்ட் வந்து, பந்தி ஆரம்பித்தது. தாய்மாமன் சாப்பிடப் போகும் வழியில் என்னிடம் துண்டுப் பொட்டலத்தைக் கொடுத்தார். துண்டை மட்டும் உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

“தாயி, அடுத்த தடவ பின்னால ஒரு ஒயரத் தொங்கவிடுங்க,” என்று மெதுவாகச் சொன்னார்.

நான் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். என் வாயை இன்னொருவர் அடைத்து என் வீட்டுக்காரர் அதுவரைக்கும் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்று ரசித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் அம்மா வந்தாள். கையில் குழம்பு வாளி இருந்தது. அண்ணன் நிஜமாகவே கூடுதலாகத் திருப்பிவிட்டாரா என்று கேட்டாள். ஆமாம்மா, ஒங்கண்ணனுக்குக் கை கொஞ்சம் வேகம் என்றேன். அவள் விடுவிடுவென்று பந்திக்குப் போனாள். அண்ணன் இலைக்கு முன்னால் நின்று, குழம்பை ஊற்றிக்கொண்டே, அவர் ஆட்கள் அத்தனை பேரும் கேட்கிற மாதிரி திட்ட ஆரம்பித்தாள். தெரியாத பொருளில் கையை வைப்பானேன், இவருக்கு எதிலும் பொறுமையே கிடையாது, நல்ல நாளும் அதுவுமாய் எல்லாரையும் பதற வைத்துவிட்டார் என்று, பேசாமல் இருந்த வருஷத்துக்கெல்லாம் சேர்த்துத் திட்டினாள்.

அவர் இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

“தெரியாமத் திருப்பிட்டேன்த்தா,” என்றார். “இன்னும் கொஞ்சம் ஊத்து.”