விட்லாக்கின் புல்வெளி நடுவே

ஒன்பது வருடங்களாக ஒரே மனிதனை நினைத்துக்கொண்டு காலையில் கண்விழிப்பது சின்ன விஷயமல்ல. இம்மாகுலேற் அப்படித்தான் விழித்தாள். அந்த மனிதனின் பெயர் விட்லாக். கென்ட் பக்கத்து ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றில் பெரிய வீடும், காடும், புல்வெளியும் வைத்திருந்தவன்.

யாழ்ப்பாணத்தில் இம்மாகுலேற் நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிறவளாக இருந்தாள். வீட்டுக்குப் போகிற ஒழுங்கை யாருக்குச் சொந்தம், வேலி எத்தனை அடி தள்ளிப் போட்டது என்று கூடப்பிறந்தவர்களே கோர்ட்டுக்குப் போகிற ஊர். அந்த வழக்குகளுக்குப் பிளான் கீறிக் கொடுத்தே பன்னிரண்டு வருடம் போயிருந்தது. எண்பத்து நான்கில் லண்டன் வந்தபின் அந்தக் கைக்கு யாரும் வேலை தரவில்லை. கிழக்கு லண்டன் ஆசுபத்திரி ஒன்றின் துணி அறையில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கினாள். கலியாணம் கட்டவில்லை. பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தாள். கீழே பாலாம்பிகையும் அவள் கணவன் தில்லையம்பலமும் இருந்தார்கள்.

ஒருநாள் பழைய பொருட்கள் விற்கிற கடையில் கென்ட் வரைபடம் ஒன்று கிடைத்தது. வயல், காடு, ஆறு எல்லாவற்றுக்குள்ளும் பச்சைக் கோடுகள் ஓடின. யாரும் நடக்கலாம், யாரும் மறிக்க ஏலாது என்று சட்டம் எழுதி வைத்த பாதைகள் அவை. இம்மாகுலேற்றுக்கு நம்பவே முடியவில்லை. அடுத்த ஞாயிறே பாலாம்பிகையையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினாள். அதற்குப்பிறகு ஞாயிறு பூசை முடிந்தால் நடைதான். சேற்றுச் சப்பாத்தும், பொலித்தீன் பையில் இடியப்பமுமாக இரண்டு பெண்களும் கென்ட்டின் பாதியை நடந்து தீர்த்தார்கள்.

எண்பத்தேழு ஏப்ரலில் ஆற்றோரமாக ஒரு பாழடைந்த கிறிஸ்தவ மடத்துக் கோயிலைப் பார்க்கப் போனார்கள். காட்டுக்குள் தரை முழுக்க நீலப்பூ. காடு முடிகிற இடத்தில் வேலியைத் தாண்டுவதற்கென்று வைத்த மரப்படி இருந்தது. அதற்கப்பால் விட்லாக்கின் புல்வெளி. அந்த இடத்தில் வரைபடத்தில் பச்சைக் கோடு இல்லை, கறுப்புப் புள்ளிக்கோடுதான். பாதை உண்டு, உரிமை பதியவில்லை என்று அதற்கு அர்த்தம். ஆனால் நடந்து நடந்து தேய்ந்த தடம் கண்ணுக்குத் தெரிந்தது. இருவரும் இறங்கினார்கள்.

பாதித் தூரம் போகுமுன் அல்சேஷன் நாய் ஒன்று பாய்ந்து வந்தது. பின்னால் விட்லாக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நாயைக் கூப்பிடுங்கள்!" என்று இம்மாகுலேற் ஆங்கிலத்தில் கத்தினாள்.

அவன் கூப்பிடவில்லை. மேல்மாடி ஜன்னலில் அவன் மனைவி நின்று பார்த்தாள். பாலாம்பிகை திரும்பி ஓடி, மரப்படியில் ஏறிக் கால் வழுக்கி, மறுபக்கத்தில் கல்லில் விழுந்தாள். அவளுடைய வலது முழங்கால் நொறுங்கிய சத்தம் இம்மாகுலேற்றுக்குக் கேட்டது.

அவன் ஆறுதலாக, அவசரமில்லாமல் நடந்து வந்தான். "இது பாதை என்று காட்ட ஒரு கடதாசி இருந்தால் கொண்டு வா. இல்லாவிட்டால் உன் இடத்திலேயே இரு" என்றான். நாயை அப்போதுதான் கழுத்துப்பட்டியில் பிடித்தான்.

பாலாம்பிகை தையல் தொழிற்சாலையில் மெஷின் மிதிக்கிறவள். மூன்று ஒப்பரேஷனுக்குப் பிறகும் அந்தக் கால் மடங்கவில்லை. வேலை போனது, கையில் தடி வந்தது. அத்துமீறி நுழைந்தது நீங்கள்தானே என்று பொலிஸ் கைவிரித்துவிட்டது.

"விடுங்கோ அக்கா. எனக்கு அந்த ஆளின்ரை முகமே மறந்து போச்சு" என்றாள் பாலாம்பிகை.

"நீர் மறவும். நான் மறக்கமாட்டன்."

அவன் கேட்டது கடதாசி. கடதாசி தேடுவதுதான் இம்மாகுலேற்றுக்குத் தெரிந்த தொழில். லீவு நாள் முழுவதும் ஆவணக் காப்பகங்களில் இருந்தாள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் கோயில் வரிக்காகக் கீறிய வரைபடத்தில் அந்தப் பாதை, காட்டிலிருந்து மடத்துக் கோயில்வரை மண்ணிறம் தீட்டிக் கிடந்தது. லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள அரசாங்கக் காப்பகத்தில் அதைவிட நல்லது ஒன்று அகப்பட்டது. 1910இல் நில வரிக்காக எல்லாக் காணிகளையும் மதிப்பிட்ட புத்தகம். பொதுசனம் என் காணிக்குள்ளால் நடக்கிறது, ஆகவே வரியைக் குறையுங்கள் என்று அதே வீட்டின் அந்தக் காலத்துச் சொந்தக்காரன் கேட்டு வாங்கியிருந்தான். பென்சிலால் அதை ஒரு வரி விடாமல் பிரதி எடுத்தாள். சந்தோஷத்தில் இன்னொரு பிரதியும் எடுத்தாள்.

ஆனால் பழைய கடதாசி மட்டும் போதாது. இருபது வருடம் யாரிடமும் கேட்காமல் நடந்த மனிதர்களின் வாக்குமூலமும் வேண்டும். அந்தக் கிராமத்தில் முப்பது வருடம் தபால் கொடுத்து ஓய்வுபெற்ற மிஸஸ் டாப் கதவைத் திறந்து, சேற்றுச் சப்பாத்தோடு நின்ற தமிழ்ப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள்.

"விட்லாக் எண்பத்தைந்தில் இதை வாங்கி நாயை விட்டான். நாங்கள் நடப்பதை நிறுத்திவிட்டோம். வெட்கமாகத்தான் இருக்கிறது" என்றாள்.

வீடு வீடாக அவளே கூட்டிப் போனாள். முப்பத்தெட்டுப் பேர் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். எண்பத்தொன்பதில் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போனது. கவுன்சில் அதை மூன்று வருடம் அடைகாத்தது. அந்த இடைவெளியில், யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று விட்லாக் பாதையை ஒட்டியே ஒரு பக்கம் நீச்சல்குளமும் மறுபக்கம் கண்ணாடி அறையும் கட்டினான். குளத்துக்கும் கண்ணாடி அறைக்கும் நடுவே நேர் கோட்டில் பாதை ஓடியது. கேள்விப்பட்டபோது இம்மாகுலேற் வாய்விட்டுச் சிரித்தாள்.

தொண்ணூற்று மூன்றில் கிராம மண்டபத்தில் இரண்டு நாள் விசாரணை நடந்தது. விட்லாக்கின் வக்கீல் அவளை நிறுத்திக் கேட்டான்.

"ஒரே ஒரு தரம் நடந்தவர் நீங்கள். பகையில்தானே இதைச் செய்கிறீர்கள்?"

"ஓம், பகையில்தான் தேடினேன். ஆனால் 1910இல் அந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்தது நான் அல்ல."

மண்டபத்தில் யாரோ கை தட்டினார்கள். விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தேநீர் இடைவேளையில் விட்லாக்கின் மனைவி அவளிடம் வந்தாள். நரைத்து மெலிந்திருந்தாள். "காட்டோரமாகச் சுற்றிப் போகும்படி பாதையை மாற்ற நீங்கள் ஒத்துக்கொண்டால் கிராமமும் ஒத்துக்கொள்ளும். என் கணவருக்கு நெஞ்சுவலி. குளத்தருகே ஊரார் நடப்பதை அவரால் தாங்க முடியாது" என்றாள்.

நியாயமான வேண்டுகோள். இம்மாகுலேற்றுக்கும் அது தெரிந்தது.

"நாயைக் கூப்பிடச் சொல்லி நாங்கள் கத்தியபோது நீங்கள் ஜன்னலில் நின்றீர்கள்" என்று மட்டும் சொல்லி, கோப்பையைக் கழுவி வைத்தாள்.

அது பொதுப்பாதைதான் என்று தீர்ப்பாகி, தொண்ணூற்று நான்கு மே மாதம் பச்சை அம்புக்குறிப் பலகை நட்டார்கள். முதல் ஞாயிறே, இம்மாகுலேற் கூப்பிட்டு, லண்டனில் தமிழர் நிறைய இருக்கிற வெம்பிளியிலிருந்தும் செவன் கிங்ஸிலிருந்தும் இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். சீலை கட்டினவர்கள், தள்ளுவண்டியில் பிள்ளைகள், தின்னப் பணிஸும் ரோல்ஸும் பெட்டி பெட்டியாக. கண்ணாடி அறைக்குள் விட்லாக் கோப்பித் தம்ளரோடு இருந்தான். அத்தனை பேரும் அவன் முகத்துக்கு முன்னால் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். தில்லையம்பலம் தொப்பியைத் தூக்கிக் "குட் மோர்னிங்" சொன்னார்.

கடைசியாக இம்மாகுலேற், பாலாம்பிகையோடு வந்தாள். கண்ணாடிக்கு நேரே வந்ததும், "மெதுவா நடவும். அவசரமில்லை" என்றாள்.

பாலாம்பிகை நின்றாள். தடியை ஊன்றிக்கொண்டு இவளைப் பார்த்தாள். "என்னைக் காட்டுறதுக்கோ கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

இம்மாகுலேற்றுக்குக் காது சுட்டது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள், பொய் வரவில்லை. பாலாம்பிகை விந்தி விந்தி முன்னால் போனாள். இம்மாகுலேற் உடனே அவள் பின்னால் போகவில்லை. விட்லாக் கண்ணைத் தாழ்த்தும்வரை அங்கேயே நின்றாள். பிறகுதான் நடந்தாள்.

பாலாம்பிகை பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை. இம்மாகுலேற் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு போனாள், மழையென்றாலும் பனியென்றாலும். ஒருமுறை காய்ச்சலோடும் போனாள். கண்ணாடி அறைக்கு முதலில் திரைச்சீலை வந்தது, அடுத்த வருடம் பலகை அடித்தார்கள். தொண்ணூற்றாறு புரட்டாதியில் மிஸஸ் டாப் போன் பண்ணினாள். விட்லாக் வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டானாம்.

அன்று இம்மாகுலேற் துணி அறையில் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்குப் பிறந்தநாள் என்றாள். வீட்டுக்கு வந்து ஒரு துண்டைப் பாலாம்பிகைக்குக் கொண்டுபோய்ச் செய்தியையும் சொன்னாள்.

பாலாம்பிகை கேக்கை வாங்கி மேசையில் வைத்தாள். "இப்ப மனம் ஆறிச்சுதோ அக்கா?"

இம்மாகுலேற் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவசரப்படாமல், உண்மையாகவே யோசித்தாள்.

"ஆறேல்லை பாலா," என்றாள். "ஆனா நல்லாயிருக்கு."