இருபத்திரண்டு பிளாஸ்டர்

இடது ஆள்காட்டி விரலில் தொப்பிபோல் ஒரு பிளாஸ்டர். கத்தரிக்காய் நறுக்கும்போது பட்ட காயம். பதினேழு முறை கை கழுவியும் பிளாஸ்டர் நகரவில்லை. பார்க்கும்போதெல்லாம் ஆலோசகர் அம்மாவின் நினைவு வருகிறது.

மருந்து நிறுவனங்கள் புதிதாகச் செய்யும் பொருள் மக்களிடம் போகுமா என்று விசாரித்துச் சொல்வது அவர் தொழில். வேலையை விட்டுவிட்டுத் தனியாக எடுத்த முதல் ஆய்வு, தண்ணீரிலும் உதிராது என்று சொல்லப்பட்ட ஒரு பிளாஸ்டரைப் பற்றியது. அது சரியாக அமையாவிட்டால் அடுத்தது கிடைக்காது. கணக்கெடுப்புத் துறையில் ஓய்வுபெற்ற என்னைப் படிவம் நிரப்பத் துணைக்கு அழைத்தார்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் நாற்பத்திரண்டு படிவங்கள் நிரப்பினேன். நாற்பத்திரண்டிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே பதில்: வாங்குவோம். கிழவன் வீட்டில் உட்கார்ந்து தானே நிரப்பிவிட்டான் என்றல்லவா நினைப்பார்கள்! குப்பத்துத் தலைவரிடமே போய்க் கேட்டோம். முந்தைய நாள் ஊர் கூடிப் பேசி முடிவு செய்தார்களாம்.

"இன்னா சார், ஆளுக்கு ஒண்ணு சொன்னா தேடி வந்தவங்களுக்கு மரியாதையா? ஊருக்கு ஒரே வாய்தான்."

நான் தலையில் கை வைத்தேன். ஆலோசகர் அம்மாவோ கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "ஐயா, நாற்பத்திரண்டை அடிச்சிட்டு ஒண்ணுன்னு போடுங்க. இனிமே வாயைக் கேக்க வேணாம், விரலைக் கேப்போம்" என்றார்.

மறுநாள் காலை, குப்பத்தை ஒட்டிய ஏரிக்கரை. சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள் பதினோரு பேர். ஆளுக்கு இரண்டு விரலில் ஒட்டினோம். இருபத்திரண்டு. பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு இறங்கினார்கள். பழக்கதோஷத்தில் அம்மாவும் முழங்கால் நீரில் நின்று கேள்வி கேட்டார். வாயில் பறி இருக்கும்போது யார் பேசுவது? ஒருத்தி வெறும் விரலைத் தூக்கிக் காட்டினாள்.

கரையேறியதும் எண்ணினேன். இருபது போயிருந்தது. விரல் காட்டியவள் பறியை இறக்கிவிட்டுச் சொன்னாள்: "உன் பிளாஸ்டர் அத்தினியும் இறாலுக்குத்தான் போச்சு பாப்பா. அதுங்க காயம் ஆறிப்போயிருக்கும்."

மிஞ்சிய இரண்டும் ஒரே அக்காவின் விரல்களில் இருந்தன. இறங்கும் முன்பே நாங்கள் ஒட்டியதைப் பிரித்து, இரு முனையையும் பல்லால் கிழித்து, விரல் நுனிமேல் குறுக்காகக் கவிழ்த்து ஒட்டியிருந்தார். ஆலோசகர் அம்மா அந்தக் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

இப்படியே விற்காது, நுனிக்குத் தொப்பியாகச் செய்யுங்கள் என்று நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினார். யோசனை அந்த அக்காவுடையது என்றும் எழுதினார். இப்படி எழுதினால் யார் அடுத்த வேலை தருவார்கள் என்று இரண்டு வாரம் நான்தான் தூங்கவில்லை. அதே நிறுவனம் அடுத்த வேலையையும் கொடுத்தது.

போன வாரம் ஆலோசகர் அம்மா தொப்பிப் பிளாஸ்டர் இரண்டு பெட்டி அனுப்பியிருந்தார். ஒன்றை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இன்று காலை மறுபடி ஏரிக்குப் போனேன். கழுத்தளவு நீரில் பறியைக் கவ்வியபடி என்னைப் பார்த்த அக்கா, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டிலும் தொப்பி. கரையிலிருந்து நானும் என் விரலைத் தூக்கினேன்.

ஆக மொத்தம் மூன்று. ஒன்றுகூட உதிரவில்லை.