தத்துல்யம் எழுதாத சரோஜம்

பூத்தில் கூட்டமில்லாத நேரமெல்லாம் சரோஜம் காலேஜ் பிராஸ்பெக்டஸ் வாசிப்பாள். கேரள எல்லையோரப் பாறசாலையில் எஸ்.டி.டி. பூத் நடத்துகிறாள், வயது இருபத்தைந்து. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், நர்சிங் என்று ஊரில் கிடைக்கிற விண்ணப்பமெல்லாம் அவள் மேசைக்குள் இருக்கும்.

போன் பேச வந்தவர் மகளின் மார்க்கைச் சொல்லிவிட்டால் போச்சு. "ஐ.டி.ஐ. கழிஞ்சா சட்டுண்ணு வேல கிட்டும். பாலிடெக்னிக் டிப்ளமோ அதுக்கு மேல, டிகிரிக்குத் தாழ. பிள்ளைக்கிட்ட கேட்டுட்டுச் சேருங்க" என்பாள். பொழியூர் மீன்காரர் பொன்னுதாஸ் ஒருமுறை, "நீ எது வர படிச்ச மக்கா?" என்று கேட்டுவிட்டார். சரோஜம் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் களியக்காவிளையில், தமிழில் பிளஸ் டூ முடித்தவள் அவள். நல்ல மார்க். பத்து முடித்த அக்கம்பக்கத்துப் பெண்கள் கேரளத்து வழக்கப்படி காலேஜிலேயே இரண்டு வருடப் பிரீ டிகிரி படிக்க, இவள் இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கே போனாள். பிறகு வாங்கிய பி.ஏ. விண்ணப்பத்தில் 'பிரீ டிகிரி அல்லது தத்துல்யம்' என்று மலையாளத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தவள், தத்துல்யம் என்பது தான் எழுதாத ஏதோ பரீட்சை என்று நினைத்துவிட்டாள். கேட்க வெட்கம். விண்ணப்பத்தை மடித்து வைத்தவள்தான், ஏழு வருடம் போய்விட்டது. காலேஜ் ஆசை மட்டும் போகவில்லை.

இரண்டு மாதம் முன்பு ஒரு வாத்தியார் பூத்துக்குள் நின்று போனில் உரக்கச் சொன்னார்: தத்துல்யம் என்றால் சமம் என்று அர்த்தம், தமிழ்நாட்டுப் பிளஸ் டூவும் பிரீ டிகிரிக்குச் சமம்தான், பல்கலைக்கழகத்தில் ஒரு சர்டிபிக்கேட் வாங்கினால் போதும்.

"ரெண்டும் ஒண்ணாக்கும் சாரே," என்று, வழக்கமாக அங்கே போன் பேசப் போகும் என்னிடம் அன்றே சொன்னாள். "அந்தப் பரீட்சைய எங்க எழுதணும்ணு தெரியாம கெடந்தேன் நான்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

திருவனந்தபுரத்துக்கு மூன்று நடை நடந்து சர்டிபிக்கேட் வாங்கிவிட்டாள். விண்ணப்பம் கொடுக்க இன்று கடைசி நாள். நெய்யாற்றின்கரை பஸ்ஸில் நானும் இருந்தேன். மாணவிகள் நெருக்கியடித்து நின்றார்கள். கண்டக்டர் "எங்கோட்டா?" என்று போகிற இடம் கேட்டார்.

"காலேஜ்," என்றாள் சரோஜம். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் மாணவர்களுக்கான கன்செஷன் கார்டு கேட்டுக் கையை நீட்டினார். அவள் முழு டிக்கெட் எடுத்தாள். கக்கத்தில் இடுக்கியிருந்த காகிதங்களை எடுத்து, பக்கத்துப் பெண்கள் புத்தகம் பிடித்திருப்பது போலவே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.