டிக்னா சொன்ன பொய்

சான் ஹுவான் ஊர்ப் புகையிலைக் கொட்டகையில் டிக்னா வால்தெஸைப் போல வாய்விட்டுச் சிரிக்கிறவள் வேறு யாருமில்லை. மடியில் இலையைப் போட்டு நடுநரம்பை ஒரே இழுப்பில் உருவிக்கொண்டே அவள் அவிழ்த்துவிடும் வம்புகளுக்குக் கொட்டகையே குலுங்கும். கரும்பு வெட்டப் போன இடத்தில் புருஷன் காய்ச்சல் கண்டு செத்தான். ஒற்றைப் பிள்ளை அபெலார்தோவை அவள் அந்தச் சிரிப்போடுதான் ஆளாக்கினாள்.

பிள்ளை பட்டாளத்தில் சேர்ந்தான். அறுபத்தேழாம் வருஷம் ஒரு நாள் விடுப்பில் வந்து, மேல்படிப்புக்குச் சோவியத்துக்கு அனுப்புகிறார்கள் என்றான். கொட்டகையில் டிக்னாவுக்கு அடுத்த பலகையில் வேலை செய்த சொராய்தாவை அவனுக்குப் பேசி முடித்திருந்தது. அவளிடமும் அதையேதான் சொன்னான்.

டிக்னா பெட்டியில் வைத்த கம்பளிச் சட்டையை அவன் எடுத்து வெளியே போட்டான்.

“பனி கொட்டுற ஊருக்குப் போறவன் இத வேணாங்குறியேடா?”

“ஒண்ணும் கேக்காதம்மா. குளிர் இல்லாத எடம்னு மட்டும் தெரிஞ்சுக்க. சொராய்தாகிட்ட வாயத் திறந்துடாத.”

அவள் கேட்கவில்லை. அவளுடைய பாட்டியின் அம்மாவை அடிமையாகச் சங்கிலி போட்டு இந்தத் தீவுக்குக் கப்பலேற்றியது ஆப்பிரிக்கக் கரையில். அங்கே இப்போது சனங்கள் போர்ச்சுகல்காரனை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியிருப்பதை வானொலியில் கேட்டிருந்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அங்கேதான் போகிறான் என்று புரிந்து பயந்தாள். கூடவே ஒரு பெருமையும் வந்தது. எதை வெளியே காட்டுவதென்று தெரியாமல் அவன் முதுகில் ஒரு அடி போட்டு அனுப்பிவைத்தாள்.

போனவனிடமிருந்து கடிதமே வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து அதே கொட்டகைக்கு வரும் குக்காவின் வாய்க்கு அது போதாதா?

“உம் மவன எவளோ வெள்ளக்காரி மடக்கிப் போட்டுட்டா டிக்னா. நீலக் கண்ணோட ஒரு பேரனத் தூக்கிட்டு வந்து நிப்பான் பாரு!”

“வரட்டும்டி. அந்தக் கண்ணு பட்டாவது உனக்கு ஒரு புருஷன் அமையுதான்னு பாப்போம்.”

சொராய்தாவும் சேர்ந்து சிரிப்பாள்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில், ஒரு ஞாயிறு மத்தியானம் டிக்னா காப்பிக்கொட்டை இடித்துக்கொண்டிருந்தபோது ஒரு லெப்டினன்ட் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கினி-பிசாவ் காட்டில் ஒரு போர்ச்சுகல் முகாமைத் தாக்கும்போது அபெலார்தோ விழுந்துவிட்டதாகச் சொன்னார். அந்த ஊர்க்காரர்களே தூக்கிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் அடக்கம் செய்தார்களாம்.

“அம்மா, இத நீங்க யாருகிட்டயும் சொல்லக் கூடாது. நம்ம ஆளுங்க அங்க இருக்கிறது வெளிய தெரிஞ்சா, மிச்சம் இருக்கிற பசங்களுக்கும் ஆபத்து, அந்தச் சனங்களுக்கும் ஆபத்து.”

டிக்னா உலக்கையைக் கீழே வைத்தாள்.

“அழலாமா?”

லெப்டினன்ட் போய்க் கதவைச் சாத்தினார்.

“சத்தம் வராம அழுங்கம்மா.”

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். குக்கா அதே வெள்ளைக்காரிக் கதையை எடுத்தாள். டிக்னா சிரித்தாள். சிரித்துக்கொண்டே நரம்பை இழுத்ததில் இலை கிழிந்துபோனது. யாரும் கவனிக்கவில்லை.

கறுப்பு உடுத்தவில்லை, மெழுகுவத்தி ஏற்றவில்லை. துக்கம் கேட்க வர ஆளில்லை. அதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டாள். சொராய்தா காத்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. லாரி ஓட்டும் எர்மினியோ என்ற நல்ல பையன் வந்து பெண் கேட்டான். அவள் முடியாது என்று அனுப்பிவிட்டாள். கொட்டகைப் பின்கட்டில் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் டிக்னாவின் முழங்கையைப் பிடித்தாள்.

“அத்தை, ஊரு சொல்றத நான் நம்பல. நீங்க சொல்லுங்க. அவருக்கு வேற யாராச்சும் இருக்காங்களா?”

இல்லை என்றால் இந்தப் பெண் கிழவியாகும்வரை காத்திருப்பாள். செத்துவிட்டான் என்று சொல்ல வழியில்லை. முகம் தெரியாத எத்தனையோ தாய்மார்களின் பிள்ளைகள் அந்தக் காட்டில் இருந்தார்கள்.

“இருக்கா,” என்றாள் டிக்னா.

சொராய்தா கையை உதறினாள். “அவன் நாசமாப் போவான் அத்தை! கட்டையில போறவன், அங்கயே அழுகிப் போகட்டும்!”

பெற்றவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு நின்றாள். அந்த வருஷமே சொராய்தா எர்மினியோவைக் கட்டிக்கொண்டு ஆர்த்தெமிசாவுக்குக் குடிபோனாள்.

எழுபத்து நான்கில் கினி-பிசாவ் விடுதலை பெற்றது. வானொலியில் அதைக் கேட்டபோது டிக்னா தன்னையறியாமல் எழுந்து நின்றாள். பிறகும் சில வருஷம் கழித்துத்தான் இனிச் சொல்லலாம் என்று அனுமதி வந்தது. கொட்டகையில் கூட்டம் போட்டு அபெலார்தோவின் பெயரைச் சொன்னார்கள். குக்கா டிக்னாவின் மடியில் தலையை முட்டிக்கொண்டு கதறினாள். “என் நாக்கு வெந்து போகாதா! இத்தன நாளும் எப்படிடி சிரிச்ச?”

அந்த வாரமே டிக்னா பஸ் ஏறி ஆர்த்தெமிசாவுக்குப் போனாள். சொராய்தா வாசலில் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. டிக்னா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

“அன்னிக்கு நான் கேட்டப்ப?”

“அதுக்கு முன்னாலயே போயிட்டாம்மா.”

“செத்துக் கெடந்தவன நாசமாப் போன்னு சொன்னேன். நீங்க கேட்டுக்கிட்டு நின்னீங்க.”

“வேற வழி தெரியல சொராய்தா. நீயாவது வாழணும்னு...”

“வாழ்ந்தேன் அத்தை. தினமும் அவனத் திட்டிக்கிட்டே வாழ்ந்தேன்.” குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “வீட்டுக்காரரு வர்ற நேரமாச்சு. கெளம்புங்க.”

ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லாமல் டிக்னா திரும்பினாள். சொராய்தாமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வாய் திறக்கக் கூடாது என்ற அந்தக் கட்டளைக்கு அடங்கியது சரி என்றுதான் கடைசிவரை சொன்னாள். பொய்யைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் சொல்லமாட்டாள்.

பல வருஷம் கழித்து, ஆப்பிரிக்காவில் விழுந்தவர்களின் எலும்புகளை ஊர் ஊராகக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அபெலார்தோவைப் புதைத்த கரையை ஆறு எப்போதோ அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். சவப்பெட்டி ஊர்வலத்தில் அவனுக்கென்று ஒரு படம் மட்டும் வந்தது.

டிக்னா கைத்தடியோடு தெருவோரம் நின்றாள். எதிர்ச் சாரியில் நரைத்த தலையோடு சொராய்தா. படம் கடந்தபோது அவள் மார்பில் அறைந்துகொண்டு, தெருவே திரும்பிப் பார்க்க ஓலமிட்டாள். பக்கத்தில் எர்மினியோ தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

போய்க் கட்டிக்கொள்ளலாமா என்று டிக்னாவின் கால் ஒரு அடி எடுத்தது. போகவில்லை. கூட்டம் கலைந்தபோது சொராய்தா இந்தப் பக்கம் திரும்பாமலே பஸ் ஏறிவிட்டாள்.